வைத்தியனின் வாய்மை: நடுக்க நோயும் சீன மருத்துவமும் எழுப்பும் ஓர் அறவியல் வினா

மனித உடலைப் பற்றும் நோய்களை மருத்துவ நோக்கில் இருவகைப்படுத்தலாம். முற்றாகத் தீர்க்கத்தக்கவை ஒரு வகை. தீர்க்க இயலாது தணிக்க மட்டுமே தக்கவை மற்றொரு வகை. முதல் வகையில் வைத்தியனின் கடமை தெளிவானது. நோயை அறிந்து உரிய மருந்தைக் கொடுத்தலோடு அக்கடமை நிறைவெய்துகின்றது. இரண்டாம் வகையிலோ அஃது அத்துணைத் தெளிவுடையதன்று. தீராத நோயுடையவனுக்கு வைத்தியன் முதலிற் கொடுக்க வேண்டியது உண்மையா, ஆறுதலா? உண்மையைக் கூறின் நம்பிக்கை குன்றும். நம்பிக்கையைப் பேணின் உண்மை குன்றும். இவ்விரண்டும் மோதும் இடத்திலே மருத்துவம் ஒரு தொழில்நுட்பமாக மட்டும் நில்லாது அறவியலின் எல்லைக்குட் புகுந்துவிடுகின்றது.

இவ்வினாவைப் பொதுப்பட ஆராய்வதிலும் பார்க்க, ஒரு குறிப்பிட்ட நோயையும் அந்நோய்க்கு ஒரு குறிப்பிட்ட மருத்துவ மரபு காட்டும் வழியையும் முன்னிறுத்தி ஆராய்தல் பயனுடையதாகும். பாக்கின்சன் நோய் எனப்படும் நடுக்க நோயும், அதற்குச் சீன மரபு மருத்துவம் வழங்கும் விளக்கமும் சிகிச்சையும் இவ்வகையிற் பொருத்தமானவை. அந்நோய் தீராதது, ஆயினும் தணிக்கத்தக்கது. அம்மரபு தொன்மையானது, ஆயினும் இன்றும் உயிருடன் இயங்குவது. இரண்டுக்கும் இடையே நிற்பவன் நோயாளி.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்ளலாம். சாங்காய் நகரில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். தூரிகையால் எழுத்தெழுதுங் கலையில் வல்லவர். அறுபதாம் வயதினை அடுத்து அவரது வலக்கையின் பெருவிரல் ஓய்ந்திருக்கும் வேளையில் நடுங்கத் தொடங்குகின்றது. அதற்கு முன்னரே அவரது எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டு வந்ததை அவர் மனைவி கண்டிருந்தார். வைத்தியசாலையில் நோயின் பெயரைச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள்; நோய் முற்றாக மாறாதென்றும் சொன்னார்கள். பின்னர் அவர் மரபு வைத்தியர் ஒருவரிடஞ் செல்கின்றார். அவர் நாடியை மூன்று விரல்களால் நெடுநேரம் பார்க்கின்றார், நாவை நோக்குகின்றார், உறக்கத்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் கவலையைப் பற்றியும் வினவுகின்றார். முடிவில், உடலினுள் எழுந்த காற்றைத் தமது கசாயம் வேரோடு களையும் என்கின்றார். இரண்டு கிழமைகளிற் கை ஓரளவு அமைதியடைகின்றது. அந்த வைத்தியர் செய்தது அறமா, அறமன்றா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

நோயும் அதன் வரலாறும்

1817ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவரான ஜேம்ஸ் பாக்கின்சன் இந்நோயைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதில் ஆறு நோயாளிகளின் நிலை விவரிக்கப்பட்டது. அவர்களுட் சிலர் அவர் தெருவிற் கண்டு அவதானித்தவர்களே. பின்னர் பிரெஞ்சு மருத்துவரான சார்க்கோ இந்நோய்க்குப் பாக்கின்சனின் பெயரையே இட்டு வழங்கினார். நடுமூளையிற் கருநிறமுடையதாய்த் தோன்றும் ஒரு சிறு பகுதியின் நரம்புக்கலங்கள் அழிவதே நோயின் அடிப்படை என்பது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புலனாயிற்று. அக்கலங்கள் சுரக்கும் டோப்பமீன் எனும் இரசாயனப் பொருளின் குறைவே நடுக்கத்துக்கும் தசை இறுக்கத்துக்கும் அசைவின் தளர்ச்சிக்கும் பெரிதுங் காரணமாகும்.

இவ்வுண்மை வெளிப்பட்ட வரலாற்றில் ஆசிய மூலிகை ஒன்றுக்கும் பங்குண்டு. இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இல் றெசர்ப்பின் எனும் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை முயல்களுக்குச் செலுத்தியபோது அவை அசைவற்றுப்போயின. டோப்பமீனாக உடலில் மாற்றமடையும் டோப்பா எனும் பொருளைக் கொடுத்ததும் மீண்டும் அசைந்தன. சுவீடன் நாட்டு விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957இல் வெளியிட்ட இவ்வாய்வே பின்வந்த சிகிச்சைக்கு வழிகோலியது. 2000ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1961இல் வியன்னாவில் நோயாளிகளுக்கு லெவோடோப்பா முதன்முதலாக ஊசி மூலம் ஏற்றப்பட்டது. 1967இல் ஐக்கிய அமெரிக்காவில் கொற்சியாஸ் என்பவர் அதனை வாய்வழியாகப் படிப்படியாய்க் கூட்டிக் கொடுக்கும் முறையை நிறுவினார்.

லெவோடோப்பா இன்றும் இந்நோய்க்குரிய தலையாய மருந்தாக விளங்குகின்றது. ஆயினும் அஃது இழந்த பொருளை ஈடுசெய்கின்றதேயன்றிக் கலங்களின் அழிவை நிறுத்துவதில்லை. ஆண்டுகள் சில கழிந்ததும் மருந்தின் பயன் அடுத்த வேளை வருமுன்னரே தேய்ந்துவிடுகின்றது; சிலருக்குத் தாமே விரும்பாத அசைவுகள் தோன்றுகின்றன. மேனாட்டு மருத்துவமும் இந்நோயைப் பொறுத்தவரை தணிக்கும் மருத்துவமே என்பது மனங்கொள்ளத்தக்கது. சீன மருத்துவத்தை எடைபோடுவோர் இவ்வுண்மையை மறந்து, ஒரு பக்கம் முழுமையான அறிவும் மறுபக்கம் முழுமையான அறியாமையும் நிற்பதாகக் கருதுவாராயின் அவர்தம் தராசு தொடக்கத்திலேயே கோடிவிடும்.

சீன மருத்துவத்தின் விளக்கம்

சீன மருத்துவத்தின் மூலநூலாகப் போற்றப்படும் மஞ்சட் பேரரசரின் உள்ளக நூல், உடல் ஆடுதலையும் தலைச்சுற்றையும் ஈரலோடு தொடர்புறுத்திக் காற்றின் செயலாகக் கொள்கின்றது. ஈண்டு ஈரல் என்பது உடற்கூற்றியலார் அறுத்துக் காட்டும் உறுப்பு மட்டுமன்று. தசைநாண்களை ஆள்வதும் சினத்துக்கு இருப்பிடமாவதும் மர மூலகத்தோடு இணைவதுமான செயற்றொகுதி ஒன்றின் பெயர் அது. காற்று என்பதும் வெளியே வீசும் காற்றன்று. கிளைகள் ஆடுவதைக் கண்டு காற்றை அறிவதுபோல, உறுப்புகள் ஆடுவதைக் கண்டு உள்ளே எழுந்த காற்றை ஊகிக்கின்றது அம்மரபு.

மிங் அரச மரபுக் காலத்தில் வாழ்ந்த சுன் யிகுய், வாங் கென்டாங் ஆகியோர் நடுக்கத்தைத் தனி நோயாக எடுத்து ஆராய்ந்தனர். இளமையில் இஃது அரிதென்பதும், நடுவயதின் பின்னரே தோன்றுமென்பதும், முதுமையிற் பெருகுமென்பதும் அக்காலத்து நூல்களிற் பதிவாகியுள்ளன. முதுமையிற் சிறுநீரகத்தின் நீர்த்தன்மை வற்றுகின்றது. நீர் வற்ற மரம் வாடுகின்றது. ஈரலின் வெம்மை அடங்காது மேலெழக் காற்றுப் பிறக்கின்றது என்பது அவர்கள் வழிவந்த விளக்கம். இந்நோய் மிகவுந் தீர்த்தற்கரியது என்ற ஒப்புதலும் அந்நூல்களில் உண்டு. அவ்வொப்புதல் இக்கட்டுரையின் முடிவுக்கு இன்றியமையாததாகும்.

சிகிச்சையும் இவ்விளக்கத்தைப் பின்பற்றியே அமைகின்றது. வற்றியதை நிரப்புதற்கு இறெமானியா எனும் செடியின் கிழங்கும் வெண் பியோனி வேரும், எழுந்த காற்றை அடக்குதற்கு இலையற்ற ஓக்கிட்டு வகையான தியான்மாவின் கிழங்கும் கொக்கி போன்ற முட்களையுடைய கோதெங் கொடியும் சேர்க்கப்படுகின்றன. இவற்றோடு ஊசிக்குத்து வைத்தியமும், மெல்ல அசையும் தை சி எனும் உடற்பயிற்சியும் துணையாகின்றன.

ஈண்டு ஒரு தத்துவச் சிக்கல் தலைகாட்டுகின்றது. சீன மருத்துவர் கூறும் நடுக்கமும் பாக்கின்சன் விவரித்த நோயும் ஒன்றா? பாக்கின்சன் நோய் என்பது மூளையின் ஒரு பகுதியில் நிகழும் அழிவின் பெயர். சீன மரபின் நடுக்கமோ கண்ணுக்குப் புலனாகும் ஒரு நிலையின் பெயர். மேனாட்டார் ஒரே நோயெனக் கொள்ளும் பத்துப் பேரைச் சீன மருத்துவர் நீர்த்தன்மை குறைந்தவர், குருதி குறைந்தவர், கபம் வெம்மையுற்றவர், குருதி தேங்கியவர் எனப் பலவாறு பிரித்து வெவ்வேறு மருந்து கொடுப்பர். மேனாட்டார் வெவ்வேறு நோயெனக் கொள்வோர் இருவருக்கு அவர் ஒரே மருந்தைக் கொடுத்தலும் உண்டு. ஆகவே, பத்துப் பேருக்கும் ஒரே கசாயத்தைக் கொடுத்து நடத்தும் சோதனை தம் மருத்துவத்தைச் சோதிப்பதாகாது என்று அம்மரபினர் கூறுவதில் நியாயமுண்டு. ஆயினும் அந்நியாயத்துக்கு ஓர் எல்லையுமுண்டு. பிரித்துக் கொடுக்கும் முறையையே ஒரு தொகுதியாகக் கொண்டு, அம்முறையின்படி மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிடுதற்குத் தடையேதுமில்லை. மொழி வேறாயினும் நோயாளி விழுந்தானா, எழுந்தானா, கோப்பையைத் தானே தூக்கினானா என்பன எம்மொழியிலும் ஒன்றே. கோட்பாடுகள் தம்முள் ஒப்பிடற்கரியனவாக இருக்கலாம், துன்பம் அவ்வாறன்று.

மூலிகையும் கோட்பாடும்

மரபு மருத்துவத்தைப் பற்றிய விவாதங்களில் இரு தரப்பாரும் ஒரே தவற்றைச் செய்வதுண்டு. சீனாவின் அண்மைக்கால வரலாறே இதற்குச் சான்றாகும். 1929இல் நான்கிங் அரசின் மத்திய சுகாதாரக் குழு, பழைய மருத்துவத்தை ஒழிக்க வேண்டுமென்ற முன்மொழிவை ஏற்றுக்கொண்டது. யூ யுன்சியு என்ற மருத்துவரே அதன் பின்னணியில் நின்றவர். அதை எதிர்த்து மார்ச் 17ஆம் நாள் சாங்காயில் மரபு மருத்துவர்கள் திரண்டனர். 1958இல் மாவோ சேதுங் அதே மருத்துவத்தை ஒரு பெருங் கருவூலமாகப் போற்றினார். ஒரே தலைமுறைக்குள் ஒழிக்கத்தக்க குப்பையாகவும் போற்றத்தக்க புதையலாகவும் அது கொள்ளப்பட்டது. மரபு முழுவதையும் ஒரே பொருளாகக் கொண்டு, கொள்ளுதல் அல்லது தள்ளுதல் என்ற இரண்டிலொன்றே வழியென நினைத்தமையே இருசாராரின் தவறுமாகும்.

மூலிகை வேறு, அதனை விளக்கும் கோட்பாடு வேறு. து யூயூ அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 4ஆம் நூற்றாண்டினரான கெ ஹொங் எழுதிய நூலிற் கண்ட குறிப்பொன்றின் துணைகொண்டு 1970களின் தொடக்கத்தில் மலேரியாவுக்குரிய ஆற்றெமிசினினைப் பிரித்தெடுத்தனர். 2015இல் நோபெல் பரிசு அவரை அடைந்தது. அவ்வெற்றி ஒரு செடியின் ஆற்றலை மெய்ப்பித்ததேயன்றிப் பழைய நூலின் நோய்க்கோட்பாட்டை மெய்ப்பிக்கவில்லை. தமிழரும் அறிந்த பூனைக்காலி விதையின் கதையும் இத்தகையதே. 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி ஆகிய இருவரும் அவ்விதையிலிருந்து லெவோடோப்பாவைப் பிரித்தனர். அப்பொருள் நடுக்க நோய்க்கு மருந்தாகுமென்பது அன்று எவருக்குந் தெரியாது. 2004இல் இலண்டனில் எட்டு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், பூனைக்காலித் தூள் வழக்கமான மாத்திரையினும் விரைவாகச் செயற்பட்டமை காணப்பட்டது. விதை பயன் தருவது வாதத்தை அடக்குதலாலன்று, லெவோடோப்பாவைக் கொண்டிருத்தலால் என்பது இன்றைய விளக்கம்.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படும். மருந்து பயன் தந்தமையால் அதன் கோட்பாடு உண்மையெனல் பொருந்தாது. கோட்பாடு பொய்யாதலால் மருந்து பயனற்றதெனலும் பொருந்தாது. கோதெங் கொடியின் அல்கலொயிட்டு ஒன்று, இந்நோயில் நரம்புக்கலங்களுட் படியும் புரதத்தை அகற்ற உதவுதலை ஹொங்கொங் ஆய்வாளர் ஆய்வுகூடத்திற் கண்டுள்ளனர். அஃது ஊக்கந் தரும் செய்தியே. ஆயினும் ஆய்வுகூடத்துக் கலத்துக்கும் சாங்காய் ஆசிரியரின் கைக்குமிடையே கடக்க வேண்டிய தூரம் பெரிது. சீனக் கசாயங்கள் பற்றிய மனிதச் சோதனைகள் பலவும் சிறியனவாகவும், யார் எம்மருந்தைப் பெற்றார் என்பது மறைக்கப்படாதனவாகவும் அமைந்தமையால் அவற்றின் முடிவுகளை உறுதியாகக் கொள்ளல் இயலாதுள்ளது.

தை சி பற்றிய சான்று இதனினும் வலியது. ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் 195 நோயாளிகள் பங்குபற்றிய ஆய்வொன்று 2012இல் வெளிவந்தது. கிழமைக்கு இரு முறையாக 24 கிழமைகள் தை சி பயின்றோரிடம் உடற்சமநிலை மேம்பட்டது. தசையை நீட்டும் எளிய பயிற்சி மட்டும் செய்தோரைக் காட்டிலும் அவர்கள் குறைவாகவே விழுந்தனர். மரபின் ஒரு கூறு தேர்வுக்கு முகங்கொடுத்துத் தேறியமைக்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

நம்பிக்கையின் ஆற்றல்

ஊசிக்குத்து வைத்தியத்தின் நிலை வேறு. இந்நோயாளரை வாட்டும் பெருஞ்சோர்வுக்கு அவ்வைத்தியம் உதவுமா என்பதை 94 நோயாளரிடம் ஆராய்ந்து 2016இல் முடிவு வெளியிடப்பட்டது. ஒரு சாராருக்கு மெய்யான ஊசிக்குத்து. மறுசாராருக்கு அதுபோலத் தோற்றும் போலிச் சிகிச்சை. இருசாராரும் சோர்வு குறைந்தனர். இருசாராரிடையேயும் வேறுபாடு காணப்படவில்லை. இதனைக் கொண்டு ஊசிக்குத்து வீண் என்பார் ஒருவர். நோயாளர் நலமடைந்தனரே என்பார் மற்றொருவர். இருவர் கூற்றும் உண்மையே. இதுவே சிக்கலின் மையமாகும்.

பொதுவாகப் போலி மருந்தால் விளையும் நலம் வெறுங் கற்பனை என்றே கருதப்பட்டு வந்தது. நடுக்க நோயைப் பொறுத்தவரை அவ்வாறு கருதுதற்கில்லை என்பதை 2001இல் கனடாவின் வன்கூவர் நகரில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது. மருந்து கிடைக்கப்போகின்றதென எதிர்பார்த்த நோயாளருக்கு உண்மையில் மருந்தற்ற உப்புநீரே ஏற்றப்பட்டபோது, அவர்தம் மூளையில் டோப்பமீன் வெளிப்பட்டமை படக்கருவி மூலம் கண்டறியப்பட்டது. எந்தப் பொருளின் குறைவு நோயாகின்றதோ அந்தப் பொருளையே எதிர்பார்ப்பு வெளிக்கொணர்கின்றது. எனவே, இந்நோயில் நம்பிக்கை என்பது மருந்துக்கு வெளியே நிற்கும் மனநிலை மட்டுமன்று. அதுவும் ஒருவகை மருந்தாகின்றது. நாடியை நெடுநேரம் பற்றியிருந்த விரல்களும், கூர்ந்து கேட்ட வினாக்களும், வேரோடு களைவேன் என்ற உறுதிமொழியும் சாங்காய் ஆசிரியரின் மூளையில் வேதியியல் மாற்றத்தை விளைத்திருத்தல் கூடும்.

அவ்வாறாயின் அம்மரபு வைத்தியரைக் குறைகூறுவது எங்ஙனம்? அவர் சொல்லாலும் நலம் விளைந்ததன்றோ?

நன்மை பயக்கும் பொய்

வாய்மை என்பது பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே என்றும், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் வள்ளுவர் வகுத்துள்ளார். செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்டோ 1797இல் எழுதிய கட்டுரையொன்றில், உயிர்காக்கும் பொருட்டுக் கூறும் பொய்யையும் ஏற்க மறுத்தார். காண்டின் கருத்தின்படி சாங்காய் வைத்தியரின் உறுதிமொழி நேரே தள்ளத்தக்கது. வள்ளுவர் கருத்தின்படி அது கொள்ளத்தக்கது போலத் தோன்றும். ஆயின் அத்தோற்றம் மேலோட்டமானது. வள்ளுவர் இட்ட நிபந்தனை நன்மை என்பது மட்டுமன்று, குற்றமற்ற நன்மை என்பதாகும். அந்நிபந்தனை நிறைவேறுகின்றதா என்பதை நான்கு வகையில் நோக்குதல் வேண்டும்.

முதலாவது, உடலுக்கு வரும் தீங்கு. மூலிகை யாவும் தீங்கற்றவை என்பது தவறான எண்ணம். 1990களின் தொடக்கத்திற் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உண்ட பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோரின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. பெயரளவில் ஒத்த வேறொரு செடி கலந்தமையே காரணம். அது நடுக்க நோய்க்குரிய சிகிச்சையன்று. எனினும் எச்சரிக்கையாக அமைகின்றது. இந்நோயாளருக்கு மற்றுமொரு தீங்குமுண்டு. வேரோடு களைவதாகக் கூறப்பட்டவர் மாத்திரையை இனி வேண்டாமென விடுதல் இயல்பே. லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்துதல் கடுங் காய்ச்சலையும் தசை இறுக்கத்தையும் உண்டாக்கி உயிருக்கே ஊறாகலாம். பொய்யின் நன்மை முதல் இரு கிழமைகளில் விளைய, அதன் தீமை மூன்றாங் கிழமையில் விளைதல் கூடும்.

இரண்டாவது, காலம். எதிர்பார்ப்பினால் வெளிப்படும் டோப்பமீன் எஞ்சியுள்ள கலங்களிலிருந்தே வருதல் வேண்டும். கலங்களின் அழிவை அது நிறுத்துமென்பதற்குச் சான்றில்லை. நோய் முன்செல்லும்போது உறுதிமொழி பொய்த்துவிடும். அப்போது நோயாளி நலத்தோடு நம்பிக்கையையும் இழக்கின்றான். மருந்து தோற்றதென்று கருதாது, பத்தியத்தைச் சரியாகக் காக்காமையால் தானே தோற்றதாகக் கருதித் தன்னை நொந்துகொள்வோரும் உளர்.

மூன்றாவது, உரிமை. போலி மருந்தின் ஆற்றல் எனப்படுவது மருந்தின் ஆற்றலன்று. நோயாளியின் உடலுக்குரிய ஆற்றல். பொய்யுரைக்கும் வைத்தியன் நோயாளிக்குச் சொந்தமான வளத்தையே எடுத்துத் தன் கசாயத்தின் பெயரால் அவனுக்கு விற்கின்றான். நன்மை விளைந்தபோதிலும் நன்றிக்குரியவர் யாரென்பது மறைக்கப்படுகின்றது. நோயாளி தன் வலிமையை அறியாது வைத்தியனையே என்றுஞ் சார்ந்திருப்பவன் ஆகின்றான்.

நான்காவது, பொதுநலம். ஒரு வைத்தியனின் சொல்லை ஒரு நோயாளி நம்புவது அவ்விருவருக்குமிடையே அன்றைக்குத் தோன்றிய நம்பிக்கையால் மட்டுமன்று. தலைமுறை தலைமுறையாக வைத்தியர் பலர் உண்மை கூறி ஈட்டிவைத்த நம்பிக்கைச் செல்வத்திலிருந்தே அஃது எடுக்கப்படுகின்றது. பொய் கூறுபவன் தான் ஈட்டாத செல்வத்தைச் செலவிடுகின்றான். யாவரும் அவ்வாறு செய்வாராயின் செல்வம் வற்றும். பின்னர் நம்பிக்கையால் விளையும் நலமும் வற்றும்.

பொய்யை ஆதரிப்போர் விஞ்ஞான ஆய்விலும் பொய் உண்டென எடுத்துக்காட்டுதல் கூடும். 2001இல் ஐக்கிய அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வில் நடுக்க நோயாளர் நாற்பதின்மருட் பாதிப்பேருக்குக் கருவிலிருந்து பெற்ற நரம்புக்கலங்கள் மூளையில் இடப்பட்டன. ஏனைய பாதிப்பேருக்கு மண்டையோட்டில் துளையிடப்பட்டதேயன்றி எதுவும் இடப்படவில்லை. கலங்கள் இடப்பட்டதாக நம்பியோர், உண்மையில் எது நிகழ்ந்திருப்பினும், தம் வாழ்வு மேம்பட்டதாகக் கூறினரென்பது 2004இல் வெளிவந்த தொடராய்வாற் புலனாயிற்று. துளையிட்டு ஏமாற்றுதல் முறையா என்ற விவாதம் அன்று கடுமையாக எழுந்தது. ஆயினும் அவ்வாய்விற் பங்குபற்றியோர் தமக்கு எதுவும் இடப்படாதிருத்தல் கூடும் என்பதை முன்னரே அறிந்து இசைந்தவர்கள். மறைக்கப்பட்டது விடை, மறைத்தல் உண்டென்ற உண்மை மறைக்கப்படவில்லை. இவ்வேறுபாடு சிறிதன்று. சாங்காய் ஆசிரியர் எதற்கும் இசைந்தவரல்லர்.

திறனும் வாய்மையும்

தனிமனிதனிடம் உண்மையை வெளிப்படக் கூறவேண்டும் என்பது மேனாட்டு ஒழுக்கமே என்றும், குடும்பத்தாரிடம் கூறி நோயாளியிடம் மறைத்தலே கீழைத்தேய மரபென்றும் ஒரு வாதம் உண்டு. சீனாவிற் கொடிய நோயின் பெயரை முதலிற் குடும்பத்தாருக்கே கூறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது உண்மையே. ஆயின் வழக்கமும் அறமும் ஒன்றல்ல. சீன மருத்துவ அறத்தின் ஊற்றாகக் கருதப்படுபவர் தாங் காலத்து மருத்துவரான சுன் சிமியாவோ. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவர் இயற்றிய மருத்துவப் பெருநூலின் முற்பகுதியில், சிறந்த வைத்தியனுக்கு இரு பண்புகளை விதித்தார். நுணுகிய திறன் ஒன்று. உள்ளத்தின் வாய்மை மற்றொன்று. உயர்ந்தோர் தாழ்ந்தோர், செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி யாவரையும் தன் உறவினராகக் கருத வேண்டுமென்பதும், தன் திறனைப் புனைந்துரைத்தல் தகாதென்பதும் அவர் கருத்து. எனவே, தீர்க்கவியலாததைத் தீர்ப்பேன் எனல் மேனாட்டு அளவுகோலால் மட்டும் குற்றமாவதன்று. அம்மரபின் சொந்த அளவுகோலாலும் குற்றமாகும். நடுக்கம் தீர்த்தற்கரியது என்று மிங் காலத்து நூலோர் எழுதிவைத்தமையும் அவ்வாய்மையின் பாற்பட்டதே. மரபின் பெயரால் மிகைபடக் கூறுவோர் தம் மரபையே மறந்தவராவர்.

இனி எழும் வினா, உண்மையைக் கூறின் நம்பிக்கையின் நலம் முற்றாக அழிந்துவிடுமா என்பதாகும். அவ்வாறு அழியவேண்டியதில்லை. 2010இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் குடற்கோளாறுடைய எண்பது பேரிடம் நடத்திய ஆய்வில், கொடுக்கப்படுவது மருந்தற்ற மாத்திரையே என்று வெளிப்படையாகக் கூறிக் கொடுத்தபோதும், எதுவும் பெறாதோரிலும் அதைப் பெற்றோர் கூடுதலான நலம் கண்டனர். அந்நோய் வேறு, இந்நோய் வேறாதலால் அம்முடிவை அப்படியே பெயர்த்து வைத்தல் தகாது. ஆயினும் நலத்தை விளைப்பது பொய்யின் உள்ளடக்கமன்று, பொய்யோடு கூடவந்த கவனிப்பும் முறைமையும் எதிர்நோக்கும் ஆகலாம் என்ற எண்ணத்துக்கு அஃது இடமளிக்கின்றது. மருந்து என்னும் பொருளை நோயாளி, வைத்தியன், மருந்து, பணிவிடை செய்பவன் என நான்காக வள்ளுவர் பகுத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. மருந்து அந்நான்கினுள் ஒன்றே.

இவ்வகையில் நோக்கின் மேனாட்டு வைத்தியசாலையும் குற்றத்தினின்று முற்றாக நீங்கியதன்று. சில நிமிடங்களில் நோயின் பெயரைக் கூறி, மாறாது என்றுரைத்து, மாத்திரைச் சீட்டைக் கையிற் கொடுத்து அனுப்புதல் உண்மை கூறுதலாக இருக்கலாம், வாய்மையாகாது. நோய் தீராது என்பது உண்மையின் ஒரு பகுதி. மாத்திரையால் ஆண்டுகள் பல நன்கு இயங்கலாம், முறையான பயிற்சியால் விழுதல் குறையும், எதிர்பார்ப்பே உடலுக்குத் துணையாவதுண்டு, வைத்தியன் இறுதிவரை உடனிருப்பான் என்பன அதன் ஏனைய பகுதிகள். பாதி உண்மையைக் கூறி நிறுத்துவோன் விட்ட இடத்தையே பொய்யன் வந்து நிரப்புகின்றான். சாங்காய் ஆசிரியர் மரபு வைத்தியரை நாடிச் சென்றது அறியாமையாலன்று; தம் கையை ஒருவர் பற்றிப் பார்க்க வேண்டுமென்ற தேவையாலாகும்.

முடிவாக, வைத்தியன் நோயாளிக்குக் கூறும் சொற்களை மூவகையாகப் பகுக்கலாம். நோயின் போக்கைப் பற்றிய சொல் ஒன்று. துன்பத்தின் தணிவைப் பற்றிய சொல் ஒன்று. தன் கடப்பாட்டைப் பற்றிய சொல் ஒன்று. முதலாவதில் வைத்தியன் அறிந்ததற்கு அப்பால் ஒரு சொல்லும் கூறுதல் அறமன்று. அங்கே கூறும் பொய் குற்றமற்ற நன்மையைத் தருவதில்லை என்பது மேலே காட்டப்பட்டது. இரண்டாவதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. தணியலாம், பலருக்குத் தணிந்துள்ளது என்பது பொய்யாகாது. மூன்றாவதில் அவன் எவ்வளவு உறுதி கூறினும் மிகையாகாது. ஏனெனில் அதை நிறைவேற்றுதல் அவன் கையிலேயே உள்ளது.

அந்த மரபு வைத்தியர் நாடியைப் பற்றியதிலோ, நீரும் மரமும் காற்றுமாக நோயை விளக்கியதிலோ, கசாயம் கொடுத்ததிலோ அறப்பிழை இல்லை. மாத்திரையை விடற்க என்று கூறி, வேரோடு களைவேன் என்ற ஒரு சொல்லை மட்டும் விலக்கி, கை சிறிது அமைதியுறலாம், மீண்டும் வருக என்று அவர் கூறியிருப்பாராயின் சுன் சிமியாவோவின் முன்னும் வள்ளுவரின் முன்னும் தலைநிமிர்ந்து நிற்பார். ஆசிரியரின் எழுத்து இனியுஞ் சிறுக்கலாம். அது சிறுக்கும்போது, முன்னரே உண்மையைக் கூறியவரிடமே அவர் அச்சமின்றி அதனைக் கொண்டுசென்று காட்டுவார்.